தனிப்பட்ட புறக்கணிப்பு விதிகளும் அமைவுக் கோப்புகளும்

கிட்டின் பார்வையில் வேலைக் கோப்புறையில் உள்ள கோப்புகள் மூன்று வகைப்படும். இன்டெக்ஸ் எனப்படும் பட்டியலில் இடம்பெற்றவை கண்காணிக்கப்படும் கோப்புகள். அந்தப் பட்டியலில் இல்லாதவை கண்காணிக்கப்படாத கோப்புகள். ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையை இயக்கும்போதெல்லாம் இவை கண்ணில் படும். பட்டியலிலும் இல்லாமல், கண்ணிலும் பட வேண்டாம் என்று விதி எழுதி ஒதுக்கப்பட்டவை மூன்றாம் வகை. புறக்கணிக்கப்படும் கோப்புகள் என்பவை இவையே.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை உருவாக்கியது லினக்ஸ் கெர்னலுக்காக. அதில் வேலை செய்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். ஒவ்வொருவரின் கணினியும் எடிட்டரும் பழக்கமும் வேறு. மூலநிரல் மட்டுமே எல்லோருக்கும் பொது. இந்தப் பொதுவும் தனியும் கலக்காமல் இருக்கக் கிட்டில் தனித்தனி இடங்கள் உண்டு. பெரும்பாலானோர் அவற்றுள் ஒன்றை மட்டுமே அறிந்திருப்பதால், ஒருவரின் எடிட்டர் போட்ட தற்காலிகக் கோப்பு குழுவின் பொது விதியில் ஏறிவிடுகிறது. ஒருவரின் கடவுச்சொல் குழுவின் வரலாற்றில் பதிந்துவிடுகிறது. எந்த விதி யாருக்கு உரியது என்று முதலில் தெளிந்து, அதற்குரிய இடத்தில் அதை வைப்பதே இந்த அத்தியாயம் கற்பிக்கும் பழக்கம்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

## விதிகள் வாழும் மூன்று இடங்கள்

முதல் இடம், திட்டத்துக்குள்ளேயே இருக்கும் ‘.கிட்இக்னோர்’ கோப்பு. இது மற்ற கோப்புகளைப் போலவே கமிட் செய்யப்பட்டு, குளோன் செய்கிற ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும். திட்டத்தின் மேல்மட்டத்தில் ஒன்று இருப்பது வழக்கம். உட்கோப்புறைகளிலும் தனித்தனியே வைக்கலாம். உட்கோப்புறையில் வைத்தது அந்தக் கோப்புறைக்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் மட்டுமே பொருந்தும்.

இரண்டாம் இடம், ‘.கிட்’ கோப்புறைக்குள் ‘இன்ஃபோ’ என்ற உட்கோப்புறையில் இருக்கும் ‘எக்ஸ்க்ளூட்’ கோப்பு. புதிய களஞ்சியத்தைத் தொடங்கும்போது சில குறிப்பு வரிகளுடன் கிட் இதைத் தானே உருவாக்கி வைப்பது வழக்கம். ‘.கிட்’ கோப்புறைக்குள் இருப்பதால் இது கமிட் ஆகாது; எங்கும் அனுப்பப்படாது. ஒருவருக்கு, ஒரு திட்டத்தின் ஒரு குளோனில் மட்டும் தேவைப்படும் விதிகளுக்கு இதுவே இடம். ‘கிட் வொர்க்ட்ரீ’ வழியாக ஒரே களஞ்சியத்துக்குப் பல வேலைக் கோப்புறைகள் வைத்திருந்தால், அவை அனைத்துக்கும் இந்த ஒரே கோப்பு பொது.

மூன்றாம் இடம், பயனரின் வீட்டுக் கோப்புறையில் இருக்கும் உலகளாவிய புறக்கணிப்புக் கோப்பு. அந்தக் கணினியில் அந்தப் பயனர் தொடும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் இது பொருந்தும். ‘கோர்.எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல்’ என்ற அமைவு இது எங்கே இருக்கிறது என்பதைக் கிட்டுக்குச் சொல்கிறது. அந்த அமைவைத் தராவிட்டாலும், வழக்கமான ஏற்பாட்டில் கிட் இந்த இடத்தைத் தானே தேடிப் பார்க்கும்:

    ~/.கான்ஃபிக்/கிட்/இக்னோர்

ஆகவே இந்தப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி விதிகளை எழுதினாலே போதும். வேறு பெயரில் வைக்க விரும்புவோர்,

    கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல் ~/.கிட்இக்னோர்_குளோபல்

என்று ஒருமுறை அறிவித்துவிடலாம்.

## எந்த விதியை எங்கே எழுதுவது

ஒரு கோப்பைப் புறக்கணிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கோப்பை உருவாக்குவது எது?

திட்டத்தைக் கட்டும்போதோ இயக்கும்போதோ உருவாகிற கோப்பு என்றால், அது யார் கணினியிலும் உருவாகும். நோட்.ஜேஎஸ் திட்டத்தின் ‘நோட்_மாட்யூல்ஸ்’, பைத்தானின் ‘__பைகேஷ்__’, ரஸ்ட் திட்டத்தின் ‘டார்கெட்’ ஆகியவை இத்தகையவை. இவற்றுக்கான விதி திட்டத்தின் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர் முதல் நாளே அதன் பயனைப் பெறுவார்.

ஒருவர் தேர்ந்துகொண்ட கருவியோ இயங்குதளமோ உருவாக்குகிற கோப்பு என்றால், அது அந்த நபருடையது. மேக் கணினியின் ஃபைண்டர் போடும் ‘.டிஎஸ்_ஸ்டோர்’, விண்டோஸின் ‘தம்ப்ஸ்.டிபி’, விம் எடிட்டரின் ‘.எஸ்டபிள்யூபி’ கோப்புகள் எல்லாம் இதில் அடங்கும். அவை எந்தத் திட்டத்திலும் தலைகாட்டும் என்பதால், உலகளாவிய கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் எல்லாத் திட்டங்களுக்கும் தீர்வு கிடைத்துவிடும். கிட்ஹப் பராமரிக்கும் மாதிரிப் புறக்கணிப்பு விதிகளின் தொகுப்பிலும் இந்தப் பிரிவைக் காணலாம்: நிரல்மொழிகளுக்கான மாதிரிகள் மேல்மட்டத்திலும், எடிட்டர்களுக்கும் இயங்குதளங்களுக்குமான மாதிரிகள் ‘குளோபல்’ என்ற தனிக் கோப்புறையிலும் இருக்கின்றன.

ஒரே திட்டத்தில், ஒரே ஆளுக்கு மட்டும் பயன்படும் கோப்பு என்றால் ‘எக்ஸ்க்ளூட்’ கோப்புக்குப் போக வேண்டும். ஒரு பிழையைத் துரத்த எழுதிய சிறு ஸ்கிரிப்ட், வாடிக்கையாளரிடம் பேசியபோது எடுத்த குறிப்பு, சோதனைக்காக இறக்கிய தரவு ஆகியவை இதற்கு உதாரணம்.

இந்தப் பிரிவினையை இரும்புச் சட்டமாக ஆக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே எடிட்டரைப் பயன்படுத்தும் சிறு குழுவில், அதன் தற்காலிகக் கோப்புகளைப் பொது விதியில் சேர்ப்பது புதியவர்களைக் காப்பாற்றும். பலர் பங்களிக்கும் திறந்த மூலத் திட்டத்திலோ அந்தப் பட்டியலுக்கு முடிவே இருக்காது. ஒவ்வொருவரும் தம் கருவிக்காக ஒரு வரி கேட்பார்கள். அங்கே தனிப்பட்ட விதிகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வது பண்பான வழி.

உலகளாவிய கோப்பில் எழுதும் விதி குறுகியதாக இருக்க வேண்டும். ‘பில்ட்/’ என்று அங்கே எழுதினால், ‘பில்ட்’ என்ற பெயரில் உண்மையான மூலநிரலை வைத்திருக்கும் இன்னொரு திட்டத்தில் புதிய கோப்புகள் சத்தமில்லாமல் விடுபடும். ‘.விஎஸ்கோட்/’ என்று எழுதினாலும் இதே சிக்கல்தான்; அந்தக் கோப்புறையில் குழு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் அமைவுகளை வைக்கும் திட்டங்கள் பல உண்டு. திட்டத்துக்குத் திட்டம் பொருள் மாறக்கூடிய பெயர்கள் உலகளாவிய கோப்புக்கு உகந்தவை அல்ல.

விதிக் கோப்பு எதையும் தொடாமல் ஒரு தனிப்பட்ட கோப்புறையை மறைக்கவும் வழி உண்டு. அந்தக் கோப்புறைக்குள் ஒரு ‘.கிட்இக்னோர்’ கோப்பை வைத்து, அதில் * என்ற ஒற்றைக் குறியை மட்டும் எழுத வேண்டும். அது கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும், தன்னையும் சேர்த்து, மறைத்துவிடும். பைத்தான் 3.13 முதல் ‘வென்வ்’ கருவி தான் உருவாக்கும் மெய்நிகர் சூழலில் இதே உத்தியைத் தானாகவே கையாள்கிறது.

## விதி எழுதும் முறை

மூன்று இடங்களிலும் இலக்கணம் ஒன்றுதான். வரிக்கு ஒரு விதி. வெற்று வரிகளுக்குப் பொருள் இல்லை. # குறியில் தொடங்கும் வரி குறிப்பு. வரியின் கடைசியில் விழும் இடைவெளி கணக்கில் வராது. # அல்லது ! குறியில் தொடங்கும் கோப்புப் பெயரையே குறிக்க வேண்டுமானால் அதற்கு முன் பின்சாய்கோடு இட வேண்டும்.

சாய்கோடு எங்கே வருகிறது என்பதுதான் விதியின் பொருளைத் தீர்மானிக்கிறது:

    *.லாக்
    /குறிப்பு.டெக்ஸ்ட்
    வெளியீடு/
    ஆவணம்/*.பிடிஎஃப்
    **/ஆவணம்/*.பிடிஎஃப்

முதல் வரியில் சாய்கோடு இல்லை. ஆகவே எந்த ஆழத்தில் உள்ள லாக் கோப்புக்கும் அது பொருந்தும். இரண்டாம் வரி சாய்கோட்டில் தொடங்குவதால், விதிக் கோப்பு இருக்கும் அதே மட்டத்தில் உள்ள குறிப்புக் கோப்பை மட்டும் பிடிக்கும். மூன்றாம் வரியின் இறுதிச் சாய்கோடு, அந்தப் பெயரில் உள்ள கோப்புறை மட்டுமே இலக்கு, அதே பெயருள்ள தனிக் கோப்பு அல்ல என்று காட்டுகிறது. இதுவும் எந்த ஆழத்திலும் பொருந்தும். நான்காம் வரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாய்கோடு நடுவில் வந்துவிட்டால் விதி தன் இடத்தோடு கட்டப்பட்டுவிடும்: மேல்மட்ட ‘ஆவணம்’ கோப்புறையில் நேரடியாக உள்ள பிடிஎஃப் கோப்புகள் மட்டுமே மறையும், வேறெங்கோ ஆழத்தில் இருக்கும் ‘ஆவணம்’ கோப்புறை தொடப்படாது. எல்லா ஆழத்திலும் வேண்டுமென்றால் ஐந்தாம் வரியைப் போல இரட்டை நட்சத்திரத்தில் தொடங்க வேண்டும். ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது. இரட்டை நட்சத்திரம் எத்தனை கோப்புறைகளையும் தாண்டும்.

‘எக்ஸ்க்ளூட்’ கோப்பிலும் உலகளாவிய கோப்பிலும் உள்ள விதிகள் களஞ்சியத்தின் மேல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு படிக்கப்படும்.

? குறி ஓர் எழுத்துக்கு ஈடாக நிற்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கிட் பைட் கணக்கில்தான் ஒப்பிடுகிறது. யுடிஎஃப்-8 முறையில் ‘க’ ஒன்றுக்கே 3 பைட்டுகள், ‘கு’ என்றால் 6 பைட்டுகள். ஆகவே தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு ? குறியை விட்டுவிட்டு நட்சத்திரத்தையே பயன்படுத்த வேண்டும்.

! குறியில் தொடங்கும் வரி, முந்தைய விதி மறைத்ததைத் திரும்பக் கொண்டுவரும். இதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு கோப்புறை முழுவதையும் மறைத்துவிட்டால், கிட் அதற்குள் நுழைந்தே பார்க்காது; வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. எனவே உள்ளிருக்கும் ஒரு கோப்பை மீட்க முடியாது. கீழே உள்ள முதல் இரண்டு வரிகள் பயன் தராது. அடுத்த இரண்டு பயன் தரும்:

    அமைவு/
    !அமைவு/மாதிரி.யாமல்

    அமைவு/*
    !அமைவு/மாதிரி.யாமல்

முதலாவது கோப்புறையையே மறைக்கிறது. இரண்டாவது கோப்புறையைத் திறந்து வைத்து, அதன் உள்ளடக்கத்தை மட்டும் மறைக்கிறது. அதனால் விதிவிலக்குக்கு இடம் கிடைக்கிறது.

## எந்த விதி வெல்லும்

ஒரே கோப்பைப் பல விதிகள் தொடும்போது கட்டளை வரியில் தந்த விதிக்கே முதலிடம். அடுத்து ‘.கிட்இக்னோர்’ கோப்புகள், அவற்றுள்ளும் கோப்புக்கு மிக அருகில் உள்ள கோப்புறையின் விதி, மேல்மட்ட விதியை மீறும். அதற்கடுத்து ‘எக்ஸ்க்ளூட்’. கடைசியில் உலகளாவிய கோப்பு. ஒரே இடத்துக்குள் இரண்டு விதிகள் மோதினால் பின்னால் எழுதியதே நிற்கும். இந்த வரிசையால், ஒருவரின் தனி விதி மேல்கோப்புறையையே மறைக்காதவரை, அது எவ்வளவு தாராளமாக இருந்தாலும், திட்டம் ! குறியிட்டு வெளிப்படையாக வேண்டும் என்று சொன்ன கோப்பை அதனால் மறைக்க முடிவதில்லை.

ஒரு கோப்பு ஏன் மறைந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கிட்டிடமே கேட்கலாம்:

    கிட் செக்-இக்னோர் -வி ஆவணம்/அறிக்கை.பிடிஎஃப்

விடையில் விதி இருக்கும் கோப்பு, அதன் வரி எண், விதி, கேட்கப்பட்ட கோப்பு ஆகியவை வரிசையாக வரும். ஒன்றும் வராவிட்டால் இரண்டில் ஒன்று: எந்த விதியும் பொருந்தவில்லை, அல்லது அந்தக் கோப்பு ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கிறது. ‘--நோ-இன்டெக்ஸ்’ என்பதைச் சேர்த்தால் கண்காணிப்பைக் கருதாமல் விதியை மட்டும் சோதிக்கலாம். புறக்கணிக்கப்பட்டவை அனைத்தையும் ஒருசேரப் பார்க்க ‘கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்டு’ உதவும். மறைக்கப்பட்ட ஒரே ஒரு கோப்பை வேண்டுமென்றே சேர்க்க ‘கிட் ஆட் -எஃப்’ போதும்; விதியை மாற்ற வேண்டியதில்லை.

## ஏற்கெனவே கமிட் ஆன கோப்பு

புறக்கணிப்பு விதி கண்காணிக்கப்படாத கோப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒரு கோப்பு ஏற்கெனவே இன்டெக்ஸில் இருந்தால், எத்தனை விதி எழுதினாலும் அதன் மாற்றங்கள் தொடர்ந்து தெரியும். விதி எழுதியும் வேலை செய்யவில்லை என்று எழும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். கோப்பைத் தன் கணினியில் வைத்துக்கொண்டே கண்காணிப்பிலிருந்து மட்டும் எடுக்க,

    கிட் ஆர்எம் --கேஷ்டு அமைவு/தரவுத்தளம்.யாமல்

என்ற கட்டளையை இயக்கி, விதியையும் சேர்த்து, கமிட் செய்ய வேண்டும். களஞ்சியத்தில் இப்படி எத்தனை கோப்புகள் விதிக்கு முரணாகக் கண்காணிப்பில் இருக்கின்றன என்பதை ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -சி -ஐ --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்’ பட்டியலிட்டுத் தரும்.

இதைச் செய்யும் முன் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். செய்தவரின் கணினியில் கோப்பு பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த கமிட்டைப் பெறுகிற மற்றவர்களுக்கு அது ஓர் அழிப்பாகவே போய்ச் சேரும். அவர்கள் கோப்பை மாற்றாமல் வைத்திருந்தால், இழுத்தவுடன் அது அவர்கள் கணினியிலிருந்து மறைந்துவிடும். முன்கூட்டியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளச் சொல்வதே தீர்வு.

## பொதுக் கோப்பில் தனி மாற்றம்

அடுத்த தேவை இன்னும் நுட்பமானது. அமைவுக் கோப்பு களஞ்சியத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஒருவர் தம் கணினியில் மட்டும் தரவுத்தள முகவரியையோ போர்ட் எண்ணையோ மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றம் கமிட்டில் போகக்கூடாது.

இதற்கு ‘கிட் அப்டேட்-இன்டெக்ஸ் --அஸ்யூம்-அன்சேஞ்ச்டு’ என்ற கட்டளை அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. அது அந்த வேலைக்கு உரியதல்ல. கோப்பை மாற்றமாட்டேன் என்று பயனர் கிட்டுக்குத் தரும் வாக்குறுதி அது. மெதுவான கோப்பு முறைமைகளில் ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கும் நேரத்தை மிச்சப்படுத்த வந்தது. வாக்குறுதி தந்துவிட்டுக் கோப்பை மாற்றினால், கிட் அந்த மாற்றத்தைக் காப்பாற்றக் கடமைப்பட்டதல்ல. ‘--ஸ்கிப்-வொர்க்ட்ரீ’ என்ற மற்றொரு கொடி, களஞ்சியத்தின் ஒரு பகுதியை மட்டும் இறக்கி வேலை செய்யும் ஸ்பார்ஸ் செக்அவுட் வசதிக்காக உள்ளது. அதைச் சற்று உறுதியானது என்று சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மேலிருந்து அதே கோப்பில் மாற்றம் வரும் நாளில் மெர்ஜ் தடைபடும், காரணம் வெளியே தெரியாது. கண்காணிக்கப்படும் கோப்பின் மாற்றங்களை ஒதுக்க இவ்விரண்டையும் நம்ப வேண்டாம் என்பதே கிட்டின் அதிகாரப்பூர்வ ஆவணங்களின் நிலைப்பாடு. முன்பு யாராவது இக்கொடிகளை இட்டிருந்தால், ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -வி’ காட்டும் பட்டியலில் முதலாவது சிற்றெழுத்தாகவும் இரண்டாவது பேரெழுத்து எஸ் ஆகவும் தெரியும்.

சரியான வழிகள் இரண்டு. முதலாவது, மாதிரிக் கோப்பு முறை. களஞ்சியத்தில் இருப்பது ‘.என்வ்.எக்ஸாம்பிள்’ போன்ற மாதிரி மட்டும். ஒவ்வொருவரும் அதை ‘.என்வ்’ என்று நகலெடுத்துத் தம் மதிப்புகளை நிரப்புவார்கள், ‘.என்வ்’ பொது விதியால் புறக்கணிக்கப்படும். லாராவெல் இந்த ஏற்பாட்டுடனேயே புதிய திட்டத்தைத் தொடங்கித் தருகிறது. மாதிரியில் எல்லா மாறிகளின் பெயரும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு வரிக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. புதிய மாறி ஒன்றைச் சேர்ப்பவர் அதே கமிட்டில் மாதிரியையும் திருத்த வேண்டும். இந்த ஒழுங்கு குலைந்தால் மாதிரி பழையதாகி, புதியவர்களை வழிதவறச் செய்யும்.

இரண்டாவது, அடுக்கு முறை. இயல்பான மதிப்புகள் பொதுக் கோப்பில் இருக்கும். நிரல் அதைப் படித்தபின், தனிப்பட்ட கோப்பு ஒன்று இருந்தால் அதையும் படித்து மேலெழுதிக்கொள்ளும். டாக்கர் கம்போஸ், ‘கம்போஸ்.யாமல்’ கோப்புக்குப் பக்கத்தில் ‘கம்போஸ்.ஓவர்ரைட்.யாமல்’ இருந்தால் இரண்டையும் தானாக இணைத்துக்கொள்கிறது. ஜாங்கோ திட்டங்களில் ‘லோக்கல்_செட்டிங்ஸ்’ என்ற கோப்பை இறுதியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இதுவே. மாதிரி முறையைவிட இதில் வசதி அதிகம்: மாற்ற விரும்பும் இரண்டு மதிப்புகளை மட்டும் எழுதினால் போதும், இயல்பு மதிப்பு பொதுக் கோப்பில் மாறும்போது எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும்.

## ரகசியங்கள்

கடவுச்சொல், ஏபிஐ சாவி, டோக்கன் ஆகியவை களஞ்சியத்துக்குள் வரவே கூடாது. ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வகுத்த ‘ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப்’ நெறிகள் இதற்கு எளிய சோதனை ஒன்றைத் தருகின்றன: எந்த நொடியில் இந்த மூலநிரலைப் பொதுவெளியில் வைத்தாலும் எந்த ரகசியமும் கசியாது என்று சொல்ல முடிந்தால்தான் அமைவுகள் சரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்று பொருள். ரகசியங்களைச் சூழல் மாறிகளாகத் தருவதே அந்நெறிகள் காட்டும் வழி. குழுவுக்குள் பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால் மறையாக்கம் செய்து வைக்கலாம். ரெயில்ஸ் 5.2 முதல், மறையாக்கப்பட்ட கோப்பு களஞ்சியத்திலும் அதைத் திறக்கும் ‘மாஸ்டர்.கீ’ புறக்கணிப்புப் பட்டியலிலும் இருக்கும்.

சாவி ஒன்று தவறி கமிட் ஆகி வெளியே போய்விட்டால், கோப்பை அடுத்த கமிட்டில் நீக்குவதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தச் சாவியை வழங்கிய சேவையில் அதைச் செல்லாததாக்கிப் புதியது வாங்குவது. வரலாற்றைத் திருத்துவது அதற்குப் பிறகுதான். ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவி எல்லாக் கமிட்களிலிருந்தும் கோப்பை அகற்றும். ஆனால் கமிட் அடையாளங்கள் எல்லாம் மாறும், குழுவினர் மீண்டும் குளோன் செய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே யாரிடமோ போன நகலை எந்தக் கருவியாலும் திரும்பப் பெற முடியாது. சாவியை மாற்றுவதை முதலில் வைப்பது இதனால்தான்.

## புறக்கணித்தது பாதுகாக்கப்பட்டதாகாது

புறக்கணிக்கப்பட்ட கோப்பைக் கிட் மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றாகவே கருதுகிறது. தேவைப்பட்டால் அதைக் கேட்காமல் அழிக்கும்.

கிளை மாறும்போது இது வெளிப்படும். ‘.என்வ்’ இப்போதைய கிளையில் புறக்கணிக்கப்பட்டு, பழைய கிளை ஒன்றில் கமிட் செய்யப்பட்டிருந்ததாகக் கொள்ளலாம். பழைய கிளைக்குப் போனால், அங்கே உள்ள பதிப்பு தனிப்பட்ட ‘.என்வ்’ மேல் எச்சரிக்கையின்றி எழுதப்படும். திரும்பி வந்தால் அந்தப் பதிப்பும் நீக்கப்படும். கையில் எதுவும் மிஞ்சாது.

‘கிட் கிளீன்’ கட்டளையிலும் அபாயம் உண்டு. ‘-எஃப்’ மட்டும் கொடுத்தால் புறக்கணிக்கப்பட்டவற்றை அது தொடாது. சிற்றெழுத்து எக்ஸ் சேர்த்தால் கண்காணிக்கப்படாதவையும் புறக்கணிக்கப்பட்டவையும் சேர்ந்து போகும். பேரெழுத்து எக்ஸ் என்றால் புறக்கணிக்கப்பட்டவை மட்டும் போகும். எதை இயக்கும் முன்பும் ‘-என்’ கொடுத்து, என்னென்ன அழியும் என்ற பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும். தனிப்பட்ட அமைவுக் கோப்பின் நகல் ஒன்றைக் களஞ்சியத்துக்கு வெளியே, கடவுச்சொல் மேலாளரிலோ காப்பகத்திலோ வைத்திருப்பது இவற்றுக்கெல்லாம் காப்பு.

## கிட்டின் சொந்த அமைவுகள்

கிட்டின் அமைவுகளும் இதே அடுக்கு முறையில்தான் இருக்கின்றன. கணினி முழுமைக்கும் உரியது சிஸ்டம் மட்டம். பயனருக்கு உரிய ‘~/.கிட்கான்ஃபிக்’ குளோபல் மட்டம். ஒரு குளோனுக்கு மட்டும் உரிய ‘.கிட்/கான்ஃபிக்’ லோக்கல் மட்டம். பின்னது முன்னதை மீறும். எந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை ‘கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்’ வரிக்கு வரி காட்டும்.

அலுவலகத் திட்டங்களையும் சொந்தத் திட்டங்களையும் ஒரே கணினியில் செய்பவர்களுக்கு, கமிட்டில் எந்த மின்னஞ்சல் பதிகிறது என்பது முக்கியம். கிட் 2.13 முதல் உள்ள நிபந்தனைச் சேர்ப்பு இதைத் தீர்க்கிறது. ‘~/.கிட்கான்ஃபிக்’ கோப்பின் இறுதியில்:

    [இன்க்ளூட்இஃப் "கிட்டிர்:~/அலுவலகம்/"]
        பாத் = ~/.கிட்கான்ஃபிக்-அலுவலகம்

அலுவலகக் கோப்புறைக்குக் கீழே உள்ள எல்லாக் களஞ்சியங்களுக்கும் இரண்டாம் கோப்பில் உள்ள பெயரும் மின்னஞ்சலும் பொருந்தும். கோப்புறைப் பெயரின் இறுதிச் சாய்கோட்டை விட்டுவிடக் கூடாது. அதுதான் உள்ளே இருக்கும் அனைத்தையும் சேர்க்கிறது. பொதுவான பயனர் பகுதிக்குப் பின்னால் இந்த வரிகள் வர வேண்டும். முன்னால் வந்தால் பொது மதிப்பே மீறிவிடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் செய்துகொள்ள வேண்டிய அமைவு ஒன்று உண்டு. இயல்பு நிலையில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ தமிழ்ப் பெயர்களை எண்களும் பின்சாய்கோடுகளுமாகக் காட்டும். ‘கோர்.கோட்பாத்’ என்ற அமைவை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும்.

லோக்கல் மட்டத்து அமைவுகள் குளோன் வழியாகப் பரவுவதில்லை. இது குறை அல்ல. கிட் அமைவுகளில் இயக்கப்படும் கட்டளைகளும் இடம்பெறலாம். முன்பின் தெரியாதவரின் களஞ்சியத்தைக் குளோன் செய்ததும் அவர் எழுதிய கட்டளை ஓடத் தொடங்கினால் பேராபத்து. குழு பகிர வேண்டிய அமைவுகளை ஒரு கோப்பாகக் களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொருவரும் படித்துப் பார்த்து, ‘இன்க்ளூட்.பாத்’ வழியாகத் தாமே சேர்த்துக்கொள்ளலாம்.

வரியிறுதி எப்படி இருக்க வேண்டும் என்பது போன்ற திட்டத்தின் இயல்புகளைத் தனிப்பட்ட அமைவுகளிடம் விடாமல் ‘.கிட்அட்ரிபியூட்ஸ்’ கோப்பில் எழுதிக் கமிட் செய்ய வேண்டும். இதற்கும் ‘.கிட்/இன்ஃபோ’ கோப்புறையில் தனிப்பட்ட இணை உண்டு. ஆனால் வரிசை தலைகீழ். புறக்கணிப்பில் திட்டத்தின் விதி முந்துகிறது. அட்ரிபியூட்களில் தனிப்பட்ட கோப்பே முந்துகிறது.

## தனிப்பட்ட அமைவுகளுக்கே ஒரு களஞ்சியம்

ஷெல், எடிட்டர், கிட் ஆகியவற்றின் அமைவுக் கோப்புகளும் உலகளாவிய புறக்கணிப்புக் கோப்பும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த உழைப்பு. டாட்ஃபைல்ஸ் எனப்படும் இவற்றுக்கும் வரலாறு தேவை. இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, எல்லாவற்றையும் ஒரு தனிக் கோப்புறையில் களஞ்சியமாக வைத்து, வீட்டுக் கோப்புறையிலிருந்து குறியிணைப்பு கொடுப்பது; குனு ஸ்டோ என்ற கருவி இந்த இணைப்புகளை உருவாக்கித் தரும். மற்றொன்று, வேலைக் கோப்புறை இல்லாத பேர் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, வீட்டுக் கோப்புறையையே அதன் வேலைக் கோப்புறையாகக் காட்டுவது. இரண்டாம் முறையில் ‘ஸ்டேட்டஸ்.ஷோஅன்ட்ராக்டுஃபைல்ஸ்’ அமைவை ‘நோ’ ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பும் பட்டியலில் நிற்கும். எல்லாவற்றையும் சேர்க்கும் ‘கிட் ஆட் -ஏ’ கட்டளையை அங்கே ஒருபோதும் இயக்கக் கூடாது. ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும்.

எஸ்எஸ்ஹெச் தனிச் சாவி, ‘.நெட்ஆர்சி’, ‘.கிட்-கிரெடென்ஷியல்ஸ்’ ஆகியவை இந்தக் களஞ்சியத்துக்குள் வரக்கூடாது. கிட்டின் ‘ஸ்டோர்’ உதவியைப் பயன்படுத்துபவர்களின் கடவுச்சொல் கடைசியாகச் சொன்ன கோப்பில் மறையாக்கம் இன்றி அப்படியே எழுதப்பட்டிருக்கும். கணினிக்குக் கணினி மாறும் மதிப்புகளை ‘~/.கிட்கான்ஃபிக்.லோக்கல்’ போன்ற ஒரு தனிக் கோப்பில் எழுதி, பொது அமைவிலிருந்து ‘இன்க்ளூட்’ செய்யலாம். அந்தக் கோப்பு இல்லாத கணினியிலும் கிட் பிழை சொல்லாமல் கடந்துவிடும் என்பதால், ஒரே களஞ்சியம் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தும். புதிய கணினி ஒன்றில் இதைக் குளோன் செய்து, உலகளாவிய விதிகளில் ஒன்றை ‘கிட் செக்-இக்னோர் -வி’ கொண்டும், மின்னஞ்சலை ‘--ஷோ-ஆரிஜின்’ கொண்டும் சரிபார்த்துவிட்டால், அந்தக் கணினி வேலைக்குத் தயார்.